அந்தச் சாயாவைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: எனக்கு வயது 61. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். சின்ன வயதிலிருந்தே படம் வரைய ஆசை, வீட்டில் விடவில்லை. இப்போது நாகர்கோவிலில் ஓர் ஓவிய ஆசிரியர் பெரியவர்களுக்காக நடத்தும் மாலை வகுப்பில் சேர்ந்து 7 மாதம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி, மாலை 4 முதல் 7 வரை. மனித உருவம் வரைவதுதான் பாடம். மாடலாக ஒரு பழைய பனையேறி வந்து உட்காருவார். 20 நிமிடத்துக்கு ஒருமுறை அவருக்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும் என்பது சாரின் கண்டிப்பு. கீழே கடையிலிருந்து சாயாவும் பழம்பொரியும் நான்தான் வாங்கிக் கொடுப்பேன். அவருக்குச் சீனி கூட வேண்டும். என் உருவங்கள் 'நிற்கவில்லை, மிதக்கின்றன' என்கிறார் சார். இந்த வயதில் இதெல்லாம் கைக்கு வருமா? சனிக்கிழமை எண்ணெய் வண்ண வகுப்பிலும் சேரச் சொல்கிறார். முன்பெல்லாம் வாசல்வரை வந்து அனுப்பிய மனைவி இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டில் 87 வயது அம்மா இருக்கிறார். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான், மனைவி பார்த்துக்கொள்கிறாள். ரவிவர்மாகூட யாரிடமும் முறையாகப் படிக்காமல் பெரிய ஆள் ஆனவர்தானே? என் ஆசையை மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்:

தம்பி, உங்களைவிட எட்டு வயது மூத்தவள் என்பதால் இப்படிக் கூப்பிடுகிறேன். இதே கடிதம் எத்தனையோ கையெழுத்தில் எனக்கு வந்திருக்கிறது. ஓவியத்துக்குப் பதில் ஒருவருக்கு வீணை, ஒருவருக்கு யோகா, ஒருவருக்கு பஜனைக் குழு. கடைசி வரி மட்டும் மாறுவதே இல்லை. மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது? இந்த வயதில் படிக்க வந்தீர்களே என்று முதுகில் தட்டிக்கொடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னிக்கணும், அது என்னால் ஆகாது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தச் சாயாவைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பனையேறிப் பெரியவருக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு. நல்ல விதி. உங்கள் சார் நல்ல மனிதர். என் அண்ணன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். லீவு நாளில் என்னைத் திண்ணையில் உட்காரவைத்து வரைவார். அசையாமல் உட்காருவது சும்மா இருப்பது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். கால் மணி நேரத்தில் கால் மரத்துப்போகும், பிடரி இழுக்கும், மூக்கு அரிக்கும். அதனால் நீங்கள் படியிறங்கிப் போய் அந்தப் பெரியவருக்குச் சாயா வாங்கி வருவதை நான் குறைவாகச் சொல்லவே மாட்டேன். அவருக்குச் சீனி கூட வேண்டும் என்பதைக்கூட கவனித்து வைத்திருக்கிறீர்கள். ஒரு மனிதர் உடம்பால் உழைக்கிறார், அவருக்கு வலிக்கும், இடையில் எழுந்து நடக்க வேண்டும், சூடாக ஏதாவது குடிக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாதவரிடம் சொல்லிப் புரியவைக்கலாம். நீங்கள் தெரிந்தவர். அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். டாக்டர் சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் முதுகுக்குக் கீழே, இடுப்பில், குதிகாலில் புண் வந்துவிடும். ஒருமுறை வந்துவிட்டால் ஆற மாதக்கணக்காகும். புரட்டும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்க வேண்டும். குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைக்க வேண்டும். துணி மாற்ற வேண்டும். கஞ்சி கொடுக்கும்போது புரையேறாமல் தலையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். ராத்திரி 12 மணிக்கும், 2 மணிக்கும், 4 மணிக்கும் எழுந்து இதைச் செய்கிறவர் யார்? உங்கள் கடிதம் மூன்று பக்கம். (இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.) சார்க்கோல் குச்சியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பெற்ற தாயைப் பற்றி ஒரே வரி, அந்த வரியின் முடிவில் 'மனைவி பார்த்துக்கொள்கிறாள்'.

தக்கலையிலிருந்து நாகர்கோவில் போய்வர, பஸ்ஸுக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால், ஒரு வகுப்புக்கு ஐந்து மணி நேரமாவது வீட்டில் இருக்க மாட்டீர்கள். வாரத்தில் மூன்று நாள். அந்த ஐந்து மணி நேரத்தில் உங்கள் மனைவிக்கு யார் ஓய்வு கொடுத்தார்கள்? யார் படியேறி வந்து, கொஞ்சம் எழுந்து நடம்மா, நான் பார்த்துக்கிறேன் என்றார்கள்? அவருக்குச் சீனி எவ்வளவு வேண்டும் என்று கடைசியாக எப்போது கேட்டீர்கள்?

அவர் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாததற்குக் காரணம் ஓவியம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் வாசல்வரை வந்து அனுப்பியவர் அவர்தானே? உங்கள் ஆசை அவருக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. இன்னும் புரியவைக்க அதில் ஒன்றும் இல்லை.

இதில் என் கொள்கையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெற்றவளைப் பார்ப்பது பெற்ற பிள்ளையின் கடமை. மருமகள் செய்தால் அது அவருடைய பெருந்தன்மை, அவருடைய அன்பு. அதை அவர் தலையில் விழுந்த வேலை மாதிரி நீங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. என் மாமியாரை நான் நான்கு வருடம் பார்த்தேன். மனதாரத்தான் பார்த்தேன். ஆனால் என் கணவர் ஒருநாள் ராத்திரி தானாக எழுந்து, 'நீ படு, இது என் அம்மா' என்று சொன்னாரே, அன்றைக்குத்தான் எனக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து அழத் தோன்றியது. அதுவரை அழக்கூட நேரம் இருந்ததில்லை.

ஆண்பிள்ளை அம்மாவுக்குத் துணி மாற்றலாமா என்று ஊரில் நாலு பேர் கேட்பார்கள். மாற்றலாம். வகுப்பில் ஒரு மனிதரின் உடம்பை மூன்று மணி நேரம் உற்றுப் பார்க்கிறீர்கள். மரத்தோடு உரசி உரசி நெஞ்சில் விழுந்த காய்ப்பு, பாதத்தின் உட்புறம் தடித்துப்போன தோல், வற்றிய தொடை, எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். உருவம் வரையப் பழகியவருக்கு உடம்பு என்றால் அருவருப்பும் வெட்கமும் போய்விடும் என்று அண்ணன் சொல்வார். உங்களைச் சுமந்த உடம்பைத் துடைக்க மட்டும் எதற்கு வெட்கம்?

சரி, ரவிவர்மாவுக்கு வருவோம். அவரை இந்த வழக்கில் சாட்சிக்கு இழுக்காதீர்கள். 1848-ல் பிறந்தவர், 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போய்விட்டார். நம் ஊரும் அன்றைக்கு அந்தத் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1868-ல் அங்கே வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அவருக்குக் கற்றுத்தர மறுத்தார், தான் வரையும்போது பார்த்துக்கொள்ள மட்டும் விட்டார் என்பது உண்மை. ஆனால் அவர் தனியாக வளரவில்லை. தம்பி ராஜராஜ வர்மா ஊர் ஊராகக் கூடவே போய், சேர்ந்து தூரிகை பிடித்தார். ரவிவர்மா பயணம் போன நாட்களில் அவர் மனைவி மாவேலிக்கரையில் பிள்ளைகளோடு இருந்தார். தங்கை மங்களாபாய் தம்புராட்டியும் நல்ல ஓவியர், அண்ணனின் உருவத்தையே வரைந்தவர். அண்ணன் பெயரைச் சொல்கிற எத்தனை பேர் அந்தத் தங்கை பெயரைச் சொல்கிறார்கள்? ஒருவர் வரைய உட்கார்ந்தால் வீட்டில் யாரோ எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் அது யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கைக்கு வருமா என்று கேட்டீர்கள். வரும். கை நடுங்காமல் கோடு இழுக்கிற வயதுதான் 61. உங்கள் உருவங்கள் ஏன் மிதக்கின்றன என்றும் சொல்கிறேன். ஓவர்சியர் வேலை பார்த்தவர், கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தெரியாதவரா நீங்கள்? ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்கிற மனிதரின் கழுத்துக்குழியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால், அது பாரம் தாங்குகிற பாதத்தின் மேல் வந்து விழும். அந்தப் பக்கத்து இடுப்பு மேலேறும், அதே பக்கத்துத் தோள் இறங்கும். இதைப் பார்க்காமல் தலையிலிருந்து ஆரம்பித்து, முகத்தை அழகாக முடித்து, உடம்பைக் கீழே தொங்கவிடுகிறவர்களின் உருவம்தான் மிதக்கும். அண்ணன் முகத்தைக் கடைசியில்தான் தொடுவார். முதலில் எந்தக் காலில் நிற்கிறார், பாரம் எங்கே இறங்குகிறது, அது மட்டும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் முடிகிற சின்னச் சின்னக் கோடுகள், ஒரு நாளைக்கு இருபது முப்பது. அளவெல்லாம் அப்புறம்.

பாரம் எங்கே இறங்குகிறது என்பது காகிதத்தில் மட்டும் படித்தால் வராது. உங்கள் அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்துப் பாருங்கள். ஒரு கையைத் தோளுக்குப் பின்னாலும் ஒரு கையைத் தொடைக்கு அடியிலும் கொடுத்து, உங்கள் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். முதுகை வளைத்துத் தூக்கினால் உங்கள் இடுப்பும் போய்விடும், ஜாக்கிரதை. கீழே விரித்த துணியோடு இரண்டு பேர் இழுத்துப் புரட்டினால் இன்னும் எளிது, அம்மாவுக்கும் வலிக்காது. உங்கள் மனைவி இதைத் தனியாக எப்படிச் செய்கிறார் என்று அப்போது உங்கள் கைக்குத் தெரியும். ஒல்லியாகிப்போன கிழவிதானே என்று நினைப்போம். தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாத உடம்பு எவ்வளவு கனக்கும் என்பது தூக்கியவருக்குத்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். உங்கள் மனைவி அம்மாவைத் தூக்கும்போது நீங்கள் நோட்டை எடுத்து எதிரே உட்கார்ந்து அவரை வரையக் கூடாது. அதைவிட ஒரு மனைவிக்குச் செய்கிற அவமானம் வேறில்லை. அம்மாவை வரையுங்கள். புரட்டிப் படுக்கவைத்து, முடி சீவி, கஞ்சி கொடுத்து முடித்தபின், பக்கத்தில் ஸ்டூல் போட்டு அந்தக் கையை வரையுங்கள். அவர் கேட்டால் காட்டுங்கள். 87 வயதுக் கையில் நரம்பு எப்படி ஓடுகிறது என்பதை எந்த வகுப்பிலும் அவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடியாது.

வகுப்பை விடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். விட்டால் இன்னும் மோசம். கசப்போடு வீட்டில் உட்கார்ந்து மனைவியையும் கசக்கவைப்பீர்கள். வெள்ளிக்கிழமை போங்கள், ஒழுங்காகப் போங்கள். வெறும் கையோடு கிளம்பாமல், அந்த மாலைக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்து, அதற்கான பணத்தை உங்கள் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்துவிட்டுப் போங்கள். மாடலுக்குப் பணம் கொடுக்கிற வகுப்புக்குப் போகிறவருக்கு, வேலைக்குக் கூலி உண்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திங்களும் புதனும் மாலை 4 முதல் 7 வரை உங்கள் மனைவியுடையது. அவர் கோயிலுக்குப் போகலாம், தங்கை வீட்டுக்குப் போகலாம், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். எங்கே போகிறாய் என்று கேட்காதீர்கள். ராத்திரி இரண்டு மணி முறையும் நான்கு மணி முறையும் இனி உங்களுடையது. ஓய்வு பெற்றவர் பகலில் தூங்கிக்கொள்ளலாம்.

உருவம் பார்க்க இன்னும் ஆசை இருந்தால், அந்த வெள்ளிக்கிழமைகளில் ஒன்றை எடுத்து அவரையும் அழைத்துக்கொண்டு திருவட்டாறு போய்வாருங்கள், உங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. ஆதிகேசவப் பெருமாள் கோயில் பிராகாரத்தில் தூணுக்குத் தூண் பாவைவிளக்கு. கையில் அகலோடு கல்லில் நிற்கிற அந்தப் பெண்களின் காலைப் பாருங்கள், முகத்தை அப்புறம் பார்க்கலாம். செதுக்கியவருக்கு பாரம் எங்கே இறங்குகிறது என்று தெரிந்திருக்கிறது.

எண்ணெய் வண்ண வகுப்பு இப்போது வேண்டாம். உருவம் நிற்காமல் வண்ணம் பூசினால் மிதக்கிற உருவம் வண்ணத்தோடு மிதக்கும், அவ்வளவுதான். தவிர, எண்ணெய் வண்ணம் காய நாட்கணக்காகும், படத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும், டர்பன்டைன் நெடி வீடு முழுக்க ஏறும். படுக்கையில் இருப்பவர் மூச்சு விடுகிற வீட்டில் அது கூடாது. ஒரு வருடம் சார்க்கோல் போதும்.

இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வருவது அநேகமாக ஒரு திங்கட்கிழமையாக இருக்கும். அன்றைக்கு பஸ் ஏறாதீர்கள். நான்கு மணிக்கு அடுப்படிக்குப் போய்ச் சாயா போடுங்கள். எத்தனை ஸ்பூன் சீனி என்று அவரிடமே கேளுங்கள்.