பேப்பர் உள்ள குட்டி ஆரோக்கியமான குட்டியா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஜாதி நாய்களின் மேட்டிங், பதிவு, பரம்பரை நோய்கள் பற்றிக் கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம். நான் நாய் மருத்துவர். இனப்பெருக்கத்துக்கு முன் செய்யும் பரிசோதனைகளைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: டாக்டர், பெடிகிரி சான்றிதழோடு லேப்ரடார் குட்டி தருகிறார்கள். பேப்பர் இருப்பதால் தைரியமாக வாங்கலாமா?

பேப்பரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. அப்பா யார், அம்மா யார், தாத்தா பாட்டி யார் என்று சொல்லும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் 1873இல் கென்னல் கிளப் தொடங்கியதே கண்காட்சிகளை ஒழுங்குபடுத்தவும், எந்த நாய் யாருக்குப் பிறந்தது என்று குழப்பமில்லாமல் எழுதிவைக்கவும்தான். பிறகு வந்த பதிவேடுகளும் பெரும்பாலும் அதே வழியில் போகின்றன. பெற்றோர் இருவரும் பதிவில் இருந்தால் குட்டியும் பதிவாகும். அப்பாவின் இடுப்பு எப்படி, அம்மாவின் கண் எப்படி என்று பல இடங்களில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதுதான் என் வாதம். குட்டிக்குப் பேப்பர் கொடுக்கும் அந்த நேரத்தில் மட்டும்தான் ப்ரீடரின் (குட்டி போடவைத்து விற்பவரின்) கை ஒரு பொது அமைப்பின் பிடியில் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் அப்புறம் பிடிக்க வேறு இடம் கிடையாது.

லேப்ரடார் என்றால் பெற்றோர் இருவருக்கும் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே முடிவுகள், சமீபத்திய கண் பரிசோதனை, பார்வை மெல்லப் போகும் பி.ஆர்.ஏ. நோய்க்கும் ஓடி விளையாடும்போது பின்னங்கால் தளர்ந்து விழும் இ.ஐ.சி. நோய்க்கும் மரபணுப் பரிசோதனை, இத்தனையும் கேளுங்கள். "டாக்டர் பார்த்துட்டார், எல்லாம் ஓகே" என்று சொன்னால் அது பதில் இல்லை. குட்டியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தது வேறு, பெற்றோரைப் படம் எடுத்துப் பார்த்தது வேறு.

கேள்வி: சார், என் ஜெர்மன் ஷெப்பர்டின் அப்பா அம்மா இரண்டுக்குமே இடுப்பு ஏ கிரேடு. ஆனாலும் இதற்கு ஹிப் டிஸ்பிளேசியா என்கிறார்கள். ப்ரீடர் ஏமாற்றிவிட்டாரா?

அப்படி முடிவு கட்ட முடியாது. இடுப்பு மூட்டுக் கோளாறு ஒரே ஒரு ஜீனால் வருவதில்லை. பல ஜீன்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகின்றன, வளரும் வயதில் உடல் எடை ஏறினால் அதுவும் சேர்ந்துகொள்கிறது. நல்ல இடுப்புள்ள இரண்டு நாய்களுக்கு மோசமான இடுப்புள்ள குட்டி பிறக்கலாம். ஆனால் அதன் வாய்ப்பு குறைவு, அதற்காகத்தான் இந்தப் பாடு.

படத்தின் தரமும் முக்கியம். மயக்கம் கொடுத்து நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால் இரண்டையும் நேராக இழுத்து, முழங்கால் சில்லு நடுவில் தெரியும்படி உள்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். இடுப்பு லேசாகச் சாய்ந்தால்கூட ஒரு பக்க மூட்டு இருப்பதைவிட நன்றாகவும் மறுபக்கம் மோசமாகவும் தெரியும். எந்த நாயின் படம் என்பதற்கு மைக்ரோசிப் எண் படத்திலேயே பதிந்திருக்க வேண்டும். பல நாட்டு நாய் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. முறையில் ஏ முதல் ஈ வரை கிரேடு, ஏ நல்லது, ஈ மோசம். பிரிட்டனில் ஒரு மூட்டுக்கு 0 முதல் 53 வரை புள்ளி, இரண்டும் சேர்த்து 106 வரை போகலாம், எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது பெற்றோரின் கிரேடோடு அவற்றின் கூடப்பிறந்தவை எப்படி என்பதும்தான். அப்பா ஏ, ஆனால் அதோடு ஒரே ஈற்றில் பிறந்த மற்றவற்றில் பாதி சி, டி என்றால் அந்த ஏ மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை வராது. சொந்தங்கள் எல்லாவற்றின் முடிவையும் சேர்த்துக் கணக்கிடும் இ.பி.வி. முறை இதற்குத்தான். ஆனால் அந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் மோசமான படங்களும் பதிவுக்குப் போக வேண்டும். பார்த்தவுடனே மோசம் என்று தெரிந்த படத்தை அனுப்பாமலே வைத்துக்கொள்ளும் பழக்கம் நிறைய இருக்கிறது. நாய்களின் பரிசோதனை முடிவுகளைத் தொகுக்கும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. தளத்திலும் மோசமான முடிவு பொதுவில் வர உரிமையாளர் சம்மதிக்க வேண்டும் என்றே வைத்திருந்தார்கள். நல்லதை மட்டும் காட்டும் பட்டியலை வைத்துக்கொண்டு ஓர் இனம் முன்னேறுகிறதா பின்னேறுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. எடுத்த படம் எல்லாம் போக வேண்டும், வந்த முடிவு எல்லாம் வெளியே தெரிய வேண்டும்.

கேள்வி: என் காக்கர் ஸ்பானியல் பெட்டைக்கு டி.என்.ஏ. டெஸ்டில் பி.ஆர்.ஏ. "கேரியர்" என்று வந்துவிட்டது. அருமையான குணம், வேறு எந்தக் குறையும் இல்லை. கருத்தடை செய்துவிடச் சொல்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள்! காக்கரில் பார்க்கும் இந்த வகை பி.ஆர்.ஏ. ஒடுங்கு மரபணு நோய், அதாவது கெட்ட ஜீன் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் வந்தால்தான் கண் போகும். உங்கள் பெட்டையிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு இந்த நோய் வராது. "கிளியர்", அதாவது கெட்ட ஜீனே இல்லை என்று வந்த ஆண் நாயோடு சேர்த்தால் குட்டிகளில் சராசரியாகப் பாதி கிளியர், பாதி கேரியர், பாதிப்புள்ளது ஒன்றுகூட இருக்காது. குட்டிகளை டெஸ்ட் செய்து, நல்ல கிளியர் குட்டி ஒன்றை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேரியர் குட்டிகளை வளர்க்க மட்டும் கொடுக்கலாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், டி.என்.ஏ. டெஸ்ட் வந்த வேகத்தில் கேரியர் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒதுக்கிவிடும் ஆவேசம் நல்லவர்களிடம்தான் அதிகம் வருகிறது. ஓர் இனத்தில் கேரியர்கள் நிறைய இருக்கும்போது அப்படிச் செய்தால் மிஞ்சும் சில நாய்களை வைத்தே எல்லா மேட்டிங்கும் நடக்கும், அவற்றிடம் ஒளிந்திருக்கும் வேறொரு நோய், டெஸ்டே இன்னும் கண்டுபிடிக்காத நோய், அடுத்த சில தலைமுறையில் இனம் முழுக்கப் பரவிவிடும். கேரியரோடு கேரியரைச் சேர்க்கக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பதிவேடும் இதைத்தான் விதியாக்க வேண்டும்.

கேள்வி: தாத்தா சாம்பியன். அதே சாம்பியனோடு பேத்தியை மேட்டிங் செய்தால் "லைன் ப்ரீடிங்", தரம் கூடும் என்கிறார் ஒரு சீனியர். சரியா?

சரியில்லை. தாத்தா பேத்தி சேர்க்கையில் பிறக்கும் குட்டியின் உள்ளினக் கெழு (நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்த்ததன் அளவு) 12.5 சதவீதம், ஒரே அப்பா, வேறு அம்மா என்கிற அண்ணன் தங்கைக்கும் அதேதான். அப்பா மகள், அல்லது கூடப்பிறந்தவை என்றால் 25. மேலே சொன்ன ஒடுங்கு ஜீன்கள் இரண்டு இரண்டாகச் சேரும் வாய்ப்பைச் சொல்கிற எண் இது. லைன் ப்ரீடிங் என்று பேர் வைத்தால் எண் மாறாது. அப்பா மகள், அம்மா மகன், கூடப்பிறந்தவை, இந்தச் சேர்க்கைகளில் பிறந்த குட்டிகளை 2009 முதல் பிரிட்டிஷ் கென்னல் கிளப் பதிவு செய்வதில்லை (அபூர்வ விதிவிலக்கு தவிர). நல்ல விதி, ஆனால் தாத்தா பேத்தியை அது தடுக்கவில்லை.

இன்னொன்று, மூன்று நான்கு தலைமுறை வைத்துக் கணக்குப் போட்டால் எண் குறைவாகத்தான் வரும். பத்து தலைமுறை பின்னால் போய்ப் பார்த்தால் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரு சாம்பியனிடமே எல்லோரும் ஸ்டட் (சேர்க்கைக்கு ஆண் நாய்) கேட்டுப் போவதால் வரும் வினை இது. ஓர் ஆண் நாய் வாழ்நாளில் இத்தனை ஈற்றுக்குத்தான் அப்பாவாகலாம் என்று பதிவேடு வரம்பு வைப்பது, பத்து டெஸ்ட்டை விட அதிகம் பயன்தரும் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: என் பக் தூங்கும்போது மட்டும் இல்லை, நடக்கும்போதும் குறட்டை விடுகிறது. இந்த ஜாதிக்கு அது இயல்புதானே?

நிறைய நாய்களிடம் இருக்கிறது என்பதற்காக அது இயல்பு ஆகிவிடாது. அது மூச்சுக்குத் திணறும் சத்தம். கென்னல் கிளப்பும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் 2019இல் கொண்டுவந்த ஒரு பரிசோதனை இருக்கிறது. முதலில் தொண்டையில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார்கள், பிறகு மூன்று நிமிடம் துள்ளு நடையில் ஓடவிட்டு உடனே மறுபடி கேட்பார்கள். உட்கார்ந்திருக்கும்போது சத்தமே இல்லாத நாய் அந்த மூன்று நிமிடத்துக்குப் பிறகு ரம்பம் அறுப்பதுபோல் இழுக்கும், வளர்ப்பவர் முகத்தில் அப்போதுதான் கவலை தெரியும். 0 முதல் 3 வரை கிரேடு. 3 வந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது.

இதில் இனத்தின் ஸ்டாண்டர்டுக்கே, அதாவது அந்த ஜாதி நாய் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த விவரிப்புக்கே, பங்கு உண்டு. "முகம் தட்டையாக" என்று எழுதிவைத்தால் நடுவர்கள் அதிகத் தட்டைக்குப் பரிசு கொடுப்பார்கள், ப்ரீடர்கள் பரிசு வாங்கியதிடம் ஸ்டட் கேட்டுப் போவார்கள். நெதர்லாந்தில் மூக்கின் நீளம் மண்டை நீளத்தில் பத்தில் மூன்று பங்குக்கும் குறைவாக உள்ள நாயை இனப்பெருக்கம் செய்ய 2019 முதல் அனுமதியில்லை. அளந்து பார்க்க முடிகிற விதி என்பதால் எனக்கு அது பிடித்திருக்கிறது. நார்வேயில் 2022இல் கவாலியர் (கிங் சார்லஸ் ஸ்பானியல்), இங்கிலிஷ் புல்டாக் இரண்டின் இனப்பெருக்கமும் விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்று ஆஸ்லோ நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டில் புல்டாக் பற்றிய தீர்ப்பு மாறியது, கவாலியர் பற்றியது நின்றது. கிளப்புகள் தாமாகத் திருத்திக்கொள்ளாவிட்டால் நீதிமன்றம் திருத்தும்.

உங்கள் பக்கை மருத்துவரிடம் காட்டுங்கள். எடையைக் குறைத்தாலே மூச்சு கொஞ்சம் லேசாகும்.

கேள்வி: வேறு ஜாதி ரத்தம் கலந்தால் இனமே அழிந்துவிடாதா அண்ணா?

டால்மேஷியன் கதையைக் கேளுங்கள். சுத்தமான டால்மேஷியன் எல்லாவற்றிடமும் ஒரே குறை இருந்தது: யூரிக் அமிலத்தை மற்ற நாய்கள் போல உடைக்க முடியாமல் சிறுநீரில் அதிகமாக வெளியேற்றும். அதனால் கல் அடைத்து, குறிப்பாக ஆண் நாய்கள், சிறுநீர் போக முடியாமல் துடிக்கும். அந்த நாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சொட்டுச் சொட்டாக முயன்று முயன்று திரும்பிப் பார்க்கும். எல்லாவற்றிடமும் அதே ஜீன் இரண்டும் இருந்ததால், இனத்துக்குள்ளே எவ்வளவு தேடித் தேர்ந்தெடுத்தாலும் வழியில்லை. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரே ஒரு முறை பாயின்டரோடு கலந்தார். பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் திரும்ப டால்மேஷியனோடேயே சேர்த்து, நல்ல ஜீன் உள்ள குட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். சில தலைமுறையில் புள்ளி, நிறம், உடல்வாகு எல்லாம் டால்மேஷியன், கல் மட்டும் இல்லை.

1981இல் அமெரிக்கக் கென்னல் கிளப் இரண்டு நாய்களைப் பதிவு செய்தது, இனக் கிளப் எதிர்த்ததும் நிறுத்திவிட்டது. மறுபடி கதவு திறந்தது 2011இல். இடையில் முப்பது வருடம்! அத்தனை வருடம் கல்லோடு பிறந்த நாய்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இனத்தை அழித்தது கலப்பு இல்லை தம்பி, மூடிய பதிவேடுதான் அதைத் தவிக்கவிட்டது.

கேள்வி: இரண்டு மெர்ல் நிற (திட்டுத் திட்டாக வெளிறிய நிறமுள்ள) நாய்களைச் சேர்த்தால் அழகான குட்டி வருமா?

கூடவே கூடாது. குட்டிகளில் சராசரியாகக் கால் பங்குக்கு மெர்ல் ஜீன் இரண்டாக வரும், அவற்றில் செவிடாகவோ குருடாகவோ பிறப்பவை நிறைய.

கேள்வி: விதியை இப்படி இறுக்கினால் எல்லோரும் பதிவே வேண்டாமென்று பேப்பர் இல்லாமல் விற்கப் போய்விடுவார்களே?

நியாயமான கேள்வி. சிலர் போவார்கள், போனவர்கள் மேல் பதிவேட்டுக்கு அதிகாரமும் கிடையாது. அதனால்தான் ஒரே நாளில் எல்லா விதியும் என்று போகக் கூடாது. ஸ்வீடனில் பல இனங்களுக்குப் பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே முடிவு இருந்தால்தான் குட்டிகள் பதிவாகும், முடிவுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அங்கே வாங்குபவர்களே அதைக் கேட்டுப் பழகிவிட்டார்கள், அது இல்லாத குட்டியை விற்பது கஷ்டம். முதலில் முடிவுகளை வெளிப்படையாக்குங்கள், அடுத்து பரிசோதனையைக் கட்டாயமாக்குங்கள், எவ்வளவு மோசமான முடிவு வந்தால் கூடாது என்ற வரம்பு கடைசியில் வரட்டும். இந்த வரிசையில் போனால் நல்ல ப்ரீடர்கள் கூடவே வருவார்கள்.

கேள்வி: டாக்டர், என் கவாலியருக்கு ஒன்றரை வயது. இதயம் நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. இப்போதே மேட்டிங் விடலாமா?

பொறுங்கள். கவாலியரின் இதய வால்வு நோய் பிறக்கும்போதே தெரிவதில்லை, வயது ஏறஏறத்தான் மர்மர் (வால்வு சரியாக மூடாததால் இதயத்தில் கேட்கும் இரைச்சல்) சத்தம் வரும். ஒன்றரை வயது ரிப்போர்ட் பெரிதாக எதையும் சொல்லாது. இந்த இனத்துக்கென்று வகுத்த வழிமுறைப்படி குறைந்தது இரண்டரை வயது ஆக வேண்டும், அதன் பெற்றோர் ஐந்து வயதிலும் மர்மர் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். கபாலத்தில் மூளைக்கு இடம் போதாமல் தண்டுவடத்தில் நீர்க்குழி விழும் கோளாறும் இதில் உண்டு, அதற்கு எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும். தாத்தா பாட்டி இன்னும் உயிரோடு இருந்தால் அவற்றின் இதய ரிப்போர்ட்டையும் ப்ரீடரிடம் கேட்டு வாங்கி, அடுத்த வருடப் பரிசோதனைக்கு வரும்போது கொண்டுவாருங்கள்.