வீட்டுக்கல்விக்காக வேலையை விட்ட தாயின் பெயரில் முதலில் சேமியுங்கள்

கேள்வி: நாங்கள் மதுரையில் வசிக்கிறோம். எனக்கு 33 வயது. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு வயது. இருவரையும் பள்ளிக்கு அனுப்பாமல், செய்து பார்த்தும் வெளியிடங்களுக்குச் சென்றும் கற்கும்படி வீட்டிலேயே வளர்க்க முடிவெடுத்து, எட்டு ஆண்டுகள் பார்த்த தனியார் நிறுவன வேலையைக் கடந்த ஜூன் மாதம் விட்டேன். அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய். கைக்கு வந்தது 34,000 ரூபாய். கணவருக்குப் பிடித்தம் போக 78,000 ரூபாய் வருகிறது. அவருடைய ஆண்டு மொத்தச் சம்பளம் 11 லட்சத்துக்குள்தான். வாடகை உள்ளிட்ட வீட்டுச் செலவு 51,000 ரூபாய். குழந்தைகளின் கற்றலுக்கு மாதம் 9,500 ரூபாய் ஆகிறது: மாதந்தோறும் வரவழைக்கும் செயல்பாட்டுப் பெட்டிகளுக்கு 3,600, காரில் வெளியே செல்வதற்கு 3,500, புத்தகம் மற்றும் கைவினைப் பொருட்களுக்கு 2,400. மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 8,000 ரூபாய் எஸ்.ஐ.பி. செலுத்துகிறோம். வங்கி வைப்பில் 2,40,000 ரூபாயும், என் வருங்கால வைப்பு நிதியில் 3,10,000 ரூபாயும் உள்ளன. கிரெடிட் கார்டில் 46,000 ரூபாய் பாக்கி. வைப்பு நிதியை எடுத்துக் குழந்தைகளின் அடுத்த சில ஆண்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாமா? வாங்கும் கற்றல் பொருட்களுக்கு வரிச்சலுகை உண்டா? மாதம் 5,000 ரூபாயில் குழந்தைகள் பெயரில் ஒரு பாலிசி எடுக்கும்படி முகவர் வற்புறுத்துகிறார், எடுக்கலாமா?

பதில்: வருங்கால வைப்பு நிதியைத் தொடாதீர்கள். மற்ற கேள்விகளுக்கான பதில்கள் அனைத்தும் இதன் தொடர்ச்சிதான் என்பதால் முதலில் இதை விளக்குகிறேன்.

வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் மிச்சமான பள்ளிக் கட்டணத்தை ஒரு பக்கமும், வாங்கும் பொருட்களின் விலையை மறுபக்கமும் எழுதிக் கணக்கை முடித்துவிடுகின்றன. அந்தக் கணக்கில் இடம்பெறாத செலவுதான் எல்லாவற்றிலும் பெரியது. நீங்கள் வேலையை விட்டதால் ஆண்டுக்கு 4,08,000 ரூபாய் கைக்கு வருவது நின்றது. அத்துடன் உங்கள் சம்பளத்திலிருந்து 12 சதவீதம், நிறுவனத்தின் பங்காக 12 சதவீதம் என மாதம் 3,600 ரூபாய் உங்கள் முதுமைக்காகச் சேர்ந்து வந்ததும் நின்றது. இரண்டையும் கூட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,51,000 ரூபாய். இந்த இழப்பு குடும்பம் முழுவதற்கும் பொதுவானது போலத் தோன்றினாலும், அதன் ஓய்வுக்காலப் பகுதியை நீங்கள் ஒருவர்தான் சுமக்கிறீர்கள், ஏனெனில் கணவரின் வைப்பு நிதி மாதந்தோறும் வளர்ந்துகொண்டிருக்க, உங்களுடையதில் புதிய தொகை எதுவும் சேரவில்லை. இருக்கும் தொகையையும் எடுத்துச் செலவழித்தால் எட்டு ஆண்டு உழைப்பின் சேமிப்பு முழுவதும் கரைந்துவிடும்.

ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியிருப்பதால் அந்தப் பணத்தை எடுத்தால் வரி கிடையாது என்பதே பலரையும் எடுக்கத் தூண்டுகிறது. ஆனால் எடுக்காமல் விட்டாலும் அதற்கு வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். 2024-25ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட 8.25 சதவீத வட்டி இருபது ஆண்டுகளுக்கு அப்படியே நீடிப்பதாக வைத்துக்கொண்டால், 3,10,000 ரூபாய் சுமார் 15 லட்சமாக வளரும். விகிதம் மாறக்கூடியது என்றாலும், இன்று செயல்பாட்டுப் பெட்டிகளுக்குச் செலவாகப்போகும் பணம் உங்கள் 53ஆவது வயதில் எவ்வளவு மதிப்புடையது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு. ஆனால் உங்களுக்கு வேறு வருமானம் இல்லாதவரை நடைமுறையில் வரி கட்ட வேண்டி வராது.

இத்துடன் இணைந்த ஓய்வூதியத் திட்டத்திலும் உங்களுக்கு எட்டு ஆண்டு சேவை பதிவாகியிருக்கிறது. பத்து ஆண்டு நிறைந்தால் ஓய்வூதியத் தகுதி கிடைக்கும். அந்தத் தொகையைத் திரும்பப் பெறாமல், படிவம் 10சி மூலம் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் வளர்ந்த பின் இரண்டே ஆண்டுகள் வேலைக்குத் திரும்பினாலும் பழைய சேவை அதனுடன் சேர்ந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் பணிக்கொடை (கிராஜுவிட்டி) பற்றி ஒரு வரிகூட இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளைக் கடந்து பணியாற்றியவருக்கு, அவராகவே வேலையை விட்டாலும், பணிக்கொடை பெறும் உரிமை உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளமான 15,000 ரூபாயை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பின் எட்டு ஆண்டுகளால் பெருக்கினால் 69,230 ரூபாய் வருகிறது. இது இன்னும் வரவில்லையென்றால் இந்த வாரமே எழுத்துப்பூர்வமாக விண்ணப்பியுங்கள். தாமதமாக விண்ணப்பித்ததைக் காரணம் காட்டி மட்டும் அதை மறுக்க முடியாது.

கிரெடிட் கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கும் மேல் வட்டி ஏறுவது சாதாரணம் என்பதால், 46,000 ரூபாயை வங்கி வைப்பிலிருந்து எடுத்து இன்றே அடைத்துவிடுங்கள். வைப்பில் 1,94,000 எஞ்சும். பணிக்கொடை வந்ததும் அதில் சேர்த்தால் சுமார் 2,63,000 ஆகும். ஒரே சம்பளத்தில் நடக்கும் வீட்டுக்கு எட்டு மாதச் செலவாவது, அதாவது நான்கு லட்சம் ரூபாயாவது, அவசர நிதியாகக் கையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி குழந்தைகளின் செலவுக்கு வருவோம். மாதம் 9,500 என்றால் ஆண்டுக்கு 1,14,000 ரூபாய். கட்டணம் கட்டிப் பள்ளியில் சேர்ப்பதற்காக எத்தனையோ குடும்பங்கள் ஒதுக்கும் தொகை இது. நான்கு வயதுக்கும் ஏழு வயதுக்கும் ஏற்ற கல்விக்கு இவ்வளவு தேவையில்லை என்று சொல்லும்போது, குழந்தைகளிடமிருந்து எதையும் பறிக்கச் சொல்லவில்லை. இந்த வயதில் அவர்கள் கற்கும் பொருட்களில் பெரும்பகுதி உங்கள் வீட்டுச் செலவான 51,000 ரூபாய்க்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று உங்கள் ஊரின் அண்ணா நகரில்தான் தொடங்கப்பட்டது. வாரம் ஒருமுறை அங்கே காய் வாங்கச் செல்லும்போது, விலைப் பலகையை மகள் படிக்கட்டும். அரைக் கிலோ கத்தரிக்காயின் விலையைக் கணக்கிட்டு, நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து, மீதியை அவளே எண்ணி வாங்கட்டும். மகன் கத்தரிக்காயை நிறம்வாரியாகப் பிரித்துப் பையில் போடட்டும். கணிதமும் மொழியும் பணப்பழக்கமும் சேர்ந்து நடக்கும் அந்தப் பாடத்துக்குத் தனிச் செலவே கிடையாது. பல்லாங்குழியின் 14 குழிகளில் ஐந்தைந்து புளியங்கொட்டைகளைப் போட்டு மொத்தம் 70 என்று கண்டுபிடிப்பதும், வாசலில் புள்ளிக்கோலம் போட்டு இரு பக்கமும் ஒத்து வருகிறதா என்று பார்ப்பதும் பெட்டியில் அடைத்து விற்கப்படும் பல பொருட்களைவிட மேலானவை என்றே நான் நம்புகிறேன். களிமண் வேலைக்குக் கொலுப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற விளாச்சேரிக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். பொம்மை உருவாவதை அருகிலிருந்து பார்த்த குழந்தை வீட்டுக்கு வந்து மண்ணைப் பிசையும் விதமே வேறாக இருக்கும்.

வெளியே செல்வதற்கான செலவில் பெரும்பகுதி காருக்குத்தான் போகிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. ஐந்து வயது நிறையாத குழந்தைக்கும் பயணச்சீட்டு தேவையில்லை. ஆகவே பகல் வேளையில் நீங்கள் மூவரும் நகருக்குள் எங்கு சென்றாலும், மகனுக்கு ஐந்து வயது ஆகும்வரை, பேருந்துச் செலவு ஒன்றுமில்லை. புது நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி இருக்கிறது. வாரம் ஒரு காலைப் பொழுதை அங்கே கழித்தால் புத்தகச் செலவு பாதியாகக் குறையும். காந்தி அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைக் கட்டிப்பிடித்து அளப்பதற்கும், வண்டியூர்த் தெப்பக்குளத்தில் நீர்மட்டம் மாதத்துக்கு மாதம் மாறுவதைக் குறித்து வைப்பதற்கும் பெரிய தொகை எதுவும் வேண்டாம். கீழடி அருங்காட்சியகம், சமணர் மலை, 2022இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி ஆகியவற்றுக்குக் காரை வைத்துக்கொள்ளுங்கள். கணவரும் உடன் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதம் ஓர் இடம் என்றால் போதும். இந்த வயதுக் குழந்தைகள் ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் செல்வதில் சலிப்படைவதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக எதையாவது கவனிக்கிறார்கள்.

இந்த அடிப்படையில் மாதம் 5,000 ரூபாய் போதுமானது. பொருட்களுக்கும் புத்தகங்களுக்கும் 1,500, பயணங்களுக்கு 2,000. மீதி 1,500 ஆண்டுக்கு 18,000 ஆகச் சேர்ந்து நீச்சல் வகுப்புக்கோ இராமேசுவரம் போன்ற நீண்ட பயணத்துக்கோ பயன்படும். இதற்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்து, கார்டைப் பயன்படுத்தாமல் அதிலிருந்தே செலவழியுங்கள், ஏனெனில் சில மாதங்களில் ஒன்றுமே ஆகாது, சில மாதங்களில் இரட்டிப்பாகும்.

இதனால் குறையும் 4,500 ரூபாயும், கணவரின் சம்பளத்தில் எல்லாச் செலவும் எஸ்.ஐ.பி.யும் போக இப்போது மிஞ்சும் 9,500 ரூபாயும் சேர்ந்து 14,000 ஆகிறது. அதில் முதல் 5,000 ரூபாய் உங்கள் பெயரிலான பொது வருங்கால வைப்பு நிதி (பி.பி.எஃப்.) கணக்குக்குச் செல்ல வேண்டும். கணவரின் பணத்தை மனைவி பெயரில் முதலீடு செய்தால் அதன் வருமானம் கணவரின் வருமானத்துடன் சேர்க்கப்படும் என்ற விதி இருந்தாலும், இந்த வட்டிக்கு வரி விலக்கு இருப்பதால் பாதிப்பில்லை. இப்போதைய 7.1 சதவீதம் நீடித்தால் 15 ஆண்டுகளில் 15 லட்சத்துக்கு மேல் சேரும். வீட்டில் முழுநேரம் கற்பிக்கும் தாய்க்குக் குடும்பம் செலுத்த வேண்டிய குறைந்தபட்சப் பங்கு இது என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அடுத்த 2,000 ரூபாயைக் குடும்பத்துக்கான தனி மருத்துவக் காப்பீட்டுக்கு ஒதுக்குங்கள். அவருடைய நிறுவனக் காப்பீடு அவர் வேலையில் இருக்கும்வரை மட்டுமே துணை நிற்கும். தனிநபர் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டிருக்கிறது. மீதி 7,000 ரூபாயுடன், எஸ்.ஐ.பி.யைத் தற்காலிகமாக 5,000 ஆகக் குறைத்து வரும் 3,000 ரூபாயையும் சேர்த்து, தொடர் வைப்பில் போட்டு வந்தால், பணிக்கொடை கிடைத்த நிலையில் பதினான்கு மாதங்களில் அவசர நிதி நிறைந்துவிடும்.

அது நிறைந்த பின் அந்த 3,000 ரூபாயை மகளின் செல்வமகள் சேமிப்புக் கணக்குக்குத் திருப்பலாம்; இப்போது 8.2 சதவீத வட்டி கிடைக்கிறது. பத்து வயது நிறைவதற்குள் தொடங்க வேண்டும் என்பதால் 250 ரூபாய் கட்டி இப்போதே தொடங்கி வையுங்கள். மாதம் 7,000 ரூபாயைக் குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பும் நிலை வந்தால் உதவும் நிதியாகச் சேருங்கள். வீட்டிலேயே தொடர்ந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் 14 வயது நிறைந்த பின் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அதற்கான கட்டணம் குடும்பத்துக்குச் சுமையாக இராது. ஆனால் இடையில் மனம் மாறித் தனியார் பள்ளியில் சேர்க்க விரும்பினால், இருவருக்கும் ஒரே ஆண்டில் பெருந்தொகை தேவைப்படும். அரசுப் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தால், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதைக் கடந்த குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வழி செய்கிறது.

கற்றல் பொருட்களுக்கும் பயணங்களுக்கும் வரிச்சலுகை கிடையாது. பள்ளியில் முழுநேரப் படிப்புக்குச் செலுத்தும் கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே, அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டுமே, கழிவு உண்டு. கணவரின் சம்பளம் 11 லட்சத்துக்குள் என்பதால், 2025-26 முதல் புதிய வரிமுறையில் அவருக்கு வருமான வரியே வராது. ஆகையால் வரியை மிச்சப்படுத்தலாம் என்று முகவர் கூறும் காரணம் உங்களுக்குப் பொருந்தாது.

அந்தப் பாலிசியை எடுக்க வேண்டாம். இத்தகைய சேமிப்புப் பாலிசிகள் பெரும்பாலும் ஆண்டுக்கு 5 முதல் 6 சதவீத அளவிலேயே பலன் தருகின்றன. காப்பீட்டுத் தொகையும் சிறியது. அதற்குப் பதிலாகக் கணவர் பெயரில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு, சேமிப்பு கலக்காத வெறும் ஆயுள் காப்பீடான டேர்ம் காப்பீடு எடுங்கள். அதற்கான பிரீமியத்தை அந்த 7,000 ரூபாயிலிருந்து கொடுத்தால் அவசர நிதி நிறைய ஓரிரு மாதங்கள் கூடும், அவ்வளவுதான். வேலையில் இருந்தபோது உங்கள் பெயரில் டேர்ம் பாலிசி எடுத்திருந்தால் அது காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வருமானம் இல்லாத நிலையில் அதே தொகைக்குப் புதிதாகப் பெறுவது கடினம். முகவரின் விண்ணப்பத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், பாலிசி ஆவணம் கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி ரத்து செய்யலாம்; சிறிய பிடித்தம் போக, கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.