மாடியில் வைத்த கீரையைப் பறவைகள் தின்னாமல் காப்பது எப்படி? வீட்டு அலங்காரத்துக்கு எந்தப் பூச்செடி வளர்க்கலாம்?

நீங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். கீரை என்றதும் பறவை வந்து இறங்குவதெல்லாம் சுற்றிலும் வேறு பச்சை இல்லாத மொட்டை மாடியில்தான் அதிகம். நாங்களும் குரோம்பேட்டைப் பக்கம் அப்படி ஒரு குடியிருப்பில்தான் இருக்கிறோம்.

பழைய சிடியைத் தொங்கவிடுங்கள், மினுக்கும் ரிப்பன் கட்டுங்கள், பிளாஸ்டிக் ஆந்தை வையுங்கள் என்று யோசனை சொல்ல நிறையப் பேர் வருவார்கள். இரண்டு மூன்று நாள் பறவை பயப்படும். அப்புறம் அந்தச் சிடி கட்டிய கம்பியிலேயே உட்கார்ந்து எச்சமிடும். மூடி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதுதான் என் அனுபவம்.

முதலில் யார் செய்கிற வேலை என்று பாருங்கள். விதைத்த இடம் முளைக்காமல் மொட்டையாகக் கிடந்தால் பறவையைத் திட்டாதீர்கள், அது பெரும்பாலும் எறும்பு. முளைக்கீரை, சிறுகீரை விதையெல்லாம் கடுகை விடப் பொடி. எறும்பு வரிசை கட்டித் தூக்கிப் போய்விடும். விதையோடு மணலும் கொஞ்சம் ரவையும் கலந்து தூவினால் எறும்பு ரவையைத் தேடிப் போகும். மண் கிளறிக் கிடந்து நாற்று வேரோடு சாய்ந்திருந்தால் தவிட்டுக்குருவியோ மைனாவோ புழு தேடியிருக்கிறது. அதற்குக் கீரை வேண்டாம், நம் நாற்றுதான் குறுக்கே நின்றுவிட்டது. இலையைப் பிய்த்து, நடு நரம்பை மட்டும் குச்சி மாதிரி விட்டுவைத்திருந்தால் புறா. பாலக்கும் வெந்தயக்கீரையும் அதற்கு உயிர்.

எங்களுக்கு வாய்த்தது புறாதான். வாய்த்தது என்ன, வரவழைத்தது. மேல் வீட்டில் ஒருவர் தினமும் காலையில் கம்பும் அரிசியும் அள்ளி மாடியில் கொட்டுவார். புண்ணியமாம். தானியம் தின்ற வாய்க்குக் கொஞ்சம் பச்சை வேண்டாமா? நேராக நான் பாலக் வளர்க்கிற பைக்கு வரும். சங்கக் கூட்டத்தில் சொன்னால், 'வாயில்லா ஜீவனுக்குப் போடுவதைத் தடுக்கலாமா அம்மா?' என்று என்னையே குற்றவாளி ஆக்கினார்கள். அதே கூட்டத்தில்தான் முதல் தளத்தில் இருக்கிற நாங்களும் மற்றவர்கள் அளவுக்கே லிஃப்ட் பராமரிப்புப் பணம் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நானும் என் கணவரும் படியில்தான் ஏறுகிறோம். கேஸ் சிலிண்டர்கூடப் படியில்தான் வருகிறது. சரி, அதை விடுங்கள்.

நான் செய்தது இதுதான். எலக்ட்ரிக்கல் கடையில் ஒயர் விடுகிற வெள்ளை பைப் கிடைக்கும், முக்கால் இஞ்ச். அதை வில்லாக வளைத்து, குரோ பேக் (மண் நிரப்பிச் செடி வளர்க்கிற பை) வரிசையின் இரண்டு பக்கமும் மண்ணில் செருகி, மேலே வெள்ளைக் கொசுவலையைப் போர்த்தி, கேபிள் டை போட்டு இறுக்கிவிட்டேன். ஒரு ஓரத்தை மட்டும் கட்டாமல் துணிக் கிளிப் போட்டிருக்கிறேன், கை விட்டுப் பறிக்க. பச்சை நிழல்வலை வேண்டாம். அதற்குள் கீரை வெளிச்சம் போதாமல் நெட்டையாக வளர்ந்து துவளும். கத்திரி வெயிலுக்கு மட்டும் அதை மேலே போடலாம். முளைக்கீரை மூன்று நான்கு வாரத்தில் பிடுங்கிவிடுகிற பயிர். இளசாக இருக்கிற முதல் இரண்டு வாரம் காத்துக் கொடுத்தாலே பாதிக் கவலை தீர்ந்தது. பாலக்கை மட்டும் கடைசி வரை மூடித்தான் வைக்கிறேன்.

மீன் வலை மாதிரி மெல்லிய நைலான் வலையைத் தொய்வாக மட்டும் போடாதீர்கள். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு மைனா அப்படி மாட்டிக்கொண்டது. நூல் காலைச் சுற்றித் தோலுக்குள் இறங்கியிருந்தது. நகவெட்டியால் ஒவ்வொரு இழையாக வெட்டி எடுத்தோம். அது என் கட்டை விரலைக் கொத்திக்கொண்டே இருந்தது. அதனால் என்னைப் பறவை விரோதி என்று சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். மாடியில் தண்ணீர்ச் சட்டி வைப்பதும் நான்தான். பல்லடம் பக்கம் இருக்கிற என் அண்ணன் தோட்டத்தில் மயில் இறங்கி மொத்தப் பாத்தியையும் கிளறிவிட்டுப் போகும். தேசியப் பறவை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேறு. அவரால் கை தட்டி விரட்டத்தான் முடியும். அதற்கு என் புறா தேவலை.

பூவுக்கு வருகிறேன். வீட்டு அலங்காரம் என்றால் என் ஓட்டு வாடாமல்லிக்கு. வெயில் தாங்கும், பூச்சி குறைவு. பூ நன்றாகத் திரண்டதும் நீளக் காம்போடு வெட்டி, கொத்தாகக் கட்டி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் காய்ந்த பிறகும் அந்த ஊதா மாதக்கணக்கில் நிற்கும். வரவேற்பறையில் தூசி படிந்த பிளாஸ்டிக் பூவை வைத்திருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

உருளியில் மிதக்கவிட செண்டுமல்லி போதும். நட்டு ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்துப் பூக்கும். உருளித் தண்ணீரை மட்டும் தினமும் மாற்றிவிடுங்கள். டெங்குக் கொசுவுக்கு இந்த மாதிரித் தேங்கிய நல்ல தண்ணீர்தான் பிடிக்கும்.

செவ்வந்தி பகல் குறைந்து இரவு நீளும்போது மொட்டு விடுகிற செடி. எங்கள் மாடியில் படிக்கட்டு விளக்கு இரவெல்லாம் எரியும். அதன் கீழே இருந்த தொட்டி இலையாகத் தழைத்துக்கொண்டே போனது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருட்டில் இருந்தது மார்கழியில் மஞ்சளாகப் பூத்துக் கொட்டியது. இரண்டும் ஒரே தாய்ச்செடியின் பக்கக்கன்றுகள். பூக்காத செவ்வந்திக்கு உரம் வாங்கிக் கொட்டுவதற்கு முன் விளக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

பூச்சாடியில் வைக்க சம்பங்கி. கிழங்கு நட்டால் வரும். கதிரின் அடியில் இரண்டு பூ விரிந்ததும் வெட்டி, தினமும் தண்ணீரை மாற்றி, காம்பின் அடியைத் துளி நறுக்கி வந்தால் மேலே உள்ள மொட்டெல்லாம் ஒவ்வொன்றாக விரியும். ராத்திரியில்தான் வாசனை தூக்கும். சிலருக்கு அது தலைவலி. என் கணவருக்கு நிச்சயமாகத் தலைவலி, அதனால் எங்கள் வீட்டில் சம்பங்கிக்கு ஹாலோடு சரி.