காசா போரை எதிர்த்துச் சேலத்தில் மாணவர்கள் ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதி வாங்குவது எப்படி?

கல்லூரி வளாகத்துக்குள் என்றால் முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வெளியே என்றால் மாநகரக் காவல் ஆணையருக்கு மனு. ஏற்காடு என்றால் மாவட்டக் காவல்துறைக்கு. ஐந்து நாளாவது முன்பே கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 'மனுவே வரலையே' என்பார்கள். இடம், நேரம், எத்தனை பேர், பொறுப்பாளர்களின் செல்போன் எண், மைக் உண்டா என எல்லாம் அதில் இருக்கட்டும்.

பலர் சறுக்குவது மைக்கில்தான். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி கல்லூரி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே ஒலிபெருக்கிக்கு வழியில்லை. ஆகவே கல்லூரி வாசலைக் கேட்காமல், கோட்டை மைதானம் போல வழக்கமாகக் கூட்டம் நடக்கும் இடமாகக் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். உயர் நீதிமன்றம் போக அது வேண்டும். அனுமதியின்றிக் கூடி வழக்குப் பதிவானால், பாஸ்போர்ட் விசாரணையில் அது தலைகாட்டும்.