விதை சப்-1தானா? பிழைத்த பயிரைக் கேட்காதீர்கள்

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் ஆறு ஏக்கர் சம்பா. கடையில் வெள்ளம் தாங்கும் நெல் விதை, ‘சி.ஆர். 1009 சப்-1’ என்று வாங்கி, நாற்று விட்டு நட்டேன். நட்ட ஒரு மாதத்தில் பயிர் முழுகி 11 நாள் தண்ணீர் நின்றது. வடிந்து ஐந்து நாள் ஆகிறது, பாதிக்கு மேல் அழுகிவிட்டது. கடைக்காரர், ‘விதை சப்-1தான், உங்கள் வயல்தான் பள்ளம்’ என்கிறார். பிழைத்த பயிரின் இலையை டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பலாமா?

பதில்: அனுப்பினால் கடைக்காரர்தான் ஜெயிப்பார். சப்-1 மரபணு இல்லாத சாதா 1009 கலந்திருந்தால் வெள்ளத்தில் முதலில் போயிருப்பது அதுதான். மிஞ்சி நிற்பதில் சப்-1 உள்ளதே அதிகம் இருக்கும். மூட்டையில் விதை மிச்சம் இருந்தால் அதை முளைக்க வைத்து, ஒவ்வொரு நாற்றையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்தால் கலப்பு எவ்வளவு என்று தெரியாது. ‘என்ன ரகம்’ என்று மட்டும் கேட்காதீர்கள். 1009-க்கும் அதன் சப்-1 வடிவத்துக்கும் மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ நெல்லிலிருந்து வந்த சப்-1 மரபணு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

ஆனால் நீங்கள் முதலில் பார்த்திருக்க வேண்டியது வயலை. செத்த குத்துகள் பள்ளத்தில் திட்டுத் திட்டாக இருக்கின்றனவா, அல்லது ஒரே வரிசையில் ஒன்று பச்சை, பக்கத்தில் ஒன்று அழுகல் என்று சிதறிக் கிடக்கின்றனவா? திட்டு என்றால் ஆழமும் கலங்கல் தண்ணீரும்தான் காரணமாக இருக்கும். சப்-1 தாங்குவது ஏறக்குறைய இரண்டு வாரம், அதுவும் தூர் கட்டும் பருவத்தில். சேறு கலங்கி நின்றால் அதற்கும் குறைவு. ‘எவ்வளவு வெள்ளம் வந்தாலும் சாகாது’ என்று சொல்லி விற்கிறவர் பொய் சொல்கிறார். சிதறிக் கிடந்தால் கலப்பு விதை என்றே சந்தேகப்படலாம்.

அப்புறம், மூட்டையில் என்ன அட்டை? உண்மை நிலை விதையின் பச்சை அட்டை என்றால் அது விற்றவர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட நற்சான்று. நீல அட்டைச் சான்று விதை மேல், ஆனாலும் வயலாய்வு கண்ணால் பார்ப்பது. சாதா 1009-ஐயும் சப்-1-ஐயும் நின்ற பயிரில் கண்ணால் பிரிக்க முடியாது. ஆதார விதை, அதாவது இதைப் பெருக்க எடுத்த மூல விதை, எங்கிருந்து வந்தது என்பதுதான் பேச்சு.

நான் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்வது மாட்டுத் தொட்டிச் சோதனை. ஆனியிலேயே விதையை வாங்கிவிடுங்கள். இரண்டு மண்சட்டியில், ஒன்றில் உங்கள் விதை, இன்னொன்றில் சாதா 1009 என்று விதைத்து, மூன்று வார நாற்றானதும் நுனிக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி தொட்டியில் முழுக வையுங்கள். 12 முதல் 14 நாள். சாதா நாற்று மூச்சுக்குத் தவித்து வெளிறி நீண்டு வளரும், வெளியே எடுத்ததும் துவண்டு விழும். சப்-1 வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு குட்டையாகக் கிடக்கும். வெளியே எடுத்த பத்து நாளில் எத்தனை நாற்று துளிர்க்கிறது என்று எண்ணுங்கள். செலவு இரண்டு சட்டி. இது ஒட்டு ரகம் அல்ல, தேறிய விதையை மூன்று மீட்டர் இடைவெளி விட்டுத் தனியாக நட்டு, கலவனை (வேற்று ரகச் செடிகளை) பிடுங்கி நீங்களே வைத்துக்கொள்ளலாம். வருஷா வருஷம் கடை ஏறுவது எனக்குப் புரியாத பழக்கம்.

நஷ்டஈடு கேட்பதானால் ரசீதையும் அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். நீங்களே அனுப்பும் மாதிரியை, ‘நான் விற்றது இது இல்லை’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, கடையில் அதே குவியல் எண் (லாட் நம்பர்) உள்ள இருப்பு தீர்வதற்குள் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். சட்டப்படி அது மூன்று பங்காகும். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று வழக்குக்கு. விதை மிச்சமில்லை என்றாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விவசாயி விதையை எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாதென 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வயலை இப்போதே உழுதுவிடாதீர்கள். அடித்தண்டைக் கிள்ளிப் பாருங்கள், உறுதியாக வெளுப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது. இன்னும் ஐந்தாறு நாள் பொறுத்து, புதுக் குருத்து வந்த பிறகு யூரியா போடுங்கள்.