வரப்பில் நடக்கும்போது துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது?

திருவையாறு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "அப்பா வைத்திருந்த டபுள் பேரல் துப்பாக்கி இப்போது லைசென்ஸோடு என் பெயருக்கு வந்திருக்கிறது. கொள்ளிடப் படுகையிலிருந்து பன்றி ஏறுகிறது என்று ராத்திரியில் வயலுக்கு எடுத்துப் போகிறேன், மகனும் பின்னாலேயே வருகிறான். தோளில் சாத்திக்கொண்டு நடக்கலாமா?"

முதலில் ஒன்று. லைசென்ஸ் என்பது துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான், பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள், பயிர் அழிகிறது என்றால் வனத்துறையில் மனு கொடுங்கள். சரி, கேள்விக்கு வருகிறேன்.

தோளில் சாத்த வேண்டாம். மண்வெட்டியைச் சாத்தி நடந்த பழக்கத்தில் செய்கிறோம், ஆனால் அப்படிப் போகும்போது குழலின் வாய் பின்னால் வரும் பையனின் முகத்துக்கு நேராக இருக்கிறது. நடக்கிற வரைக்கும் குழலில் தோட்டா இருக்கவே கூடாது, அது சட்டைப்பையில் இருக்கட்டும். துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழல் முன்பக்கம் தரையைப் பார்க்க முழங்கை மடிப்பில் போட்டுக்கொள்ளுங்கள். குழல் காலி என்பது மகனுக்கும் கண்ணால் தெரியும். சேஃப்டி போட்டிருக்கிறேனே என்பீர்கள். பழைய டபுள் பேரல்களில் பெரும்பாலும் அது விசையை மட்டும்தான் பிடிக்கிறது, உள்ளே சுத்தியல் ஏறியபடியேதான் நிற்கும், கீழே விழுந்த அதிர்ச்சியில் வெடித்துவிடலாம்.

நம் ஊர் வரப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஐப்பசி மழையில் ஒரு கால் வைக்கிற அகலம், அதிலும் நண்டு வளை. என் மாமா ஒருமுறை சறுக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்து பேசாமல் நடந்தார், வீட்டில் வந்து பார்த்தால் குழலின் வாயில் இரண்டு விரல் நீளத்துக்குக் களிமண். அப்படியே சுட்டிருந்தால் குழல் வெடித்துக் கையே போயிருக்கும். அதனால் விழுந்து எழுந்தால் முதல் வேலை, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு பின்பக்கத்திலிருந்து குழல் வழியாக டார்ச் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது.

வாய்க்காலைத் துப்பாக்கியோடு தாண்டாதீர்கள். திறந்த நிலையில் மகனிடம் கொடுத்துவிட்டுத் தாண்டி, அக்கரையிலிருந்து கட்டைப் பக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள், குழலைப் பிடித்து உங்கள் பக்கம் இழுக்கவே வேண்டாம். மூங்கில் பாலம், முள்வேலி எல்லாவற்றுக்கும் இதேதான். மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைப்பதும் கூடாது, நாய் இடித்தாலே சரிந்துவிடும்.

அப்புறம், டெல்டாவில் பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று இருக்கிறது. மலைச் சரிவில் சுட்டால் குண்டை மண் வாங்கிக்கொள்ளும், இங்கே தடுக்க என்ன இருக்கிறது? எல்லாம் ஒரே மட்டம், வயலில் நிற்கிற தண்ணீரில் பட்டாலும் தெறித்து எங்கேயோ போகும். தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குண்டுகளில், அதாவது ரவையில், பெரியது சில நூறு மீட்டர் பறக்கும், அந்தத் தூரத்துக்குள் பக்கத்து வயல்காரர் மும்முனை கரண்ட் வந்தவுடன் தண்ணீர் பாய்ச்சக் குனிந்து மடையைத் திறந்துகொண்டிருப்பார். இருட்டில் சலசலப்பு கேட்டால் டார்ச் அடியுங்கள், சத்தம் போடுங்கள், தகரத்தைத் தட்டுங்கள், பன்றி ஓடிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு குழலையும் பார்த்து, துடைத்து, துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறு பூட்டிலும் இருக்கட்டும். சாவி உங்களிடம்.