எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், அம்மாவுக்கு மட்டும் வலி

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. ஒரு வருடமாக உடம்பெல்லாம் எரிகிறது, தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சை அடைக்கிறது என்கிறார். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். டாக்டர், ‘டிப்ரெஷனாக இருக்கலாம்’ என்றதும் அம்மாவுக்குக் கோபம். ‘எனக்கென்ன பைத்தியமா? எனக்கு ஒரு கவலையும் இல்லை’ என்கிறார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. கவலையே இல்லாமல் மனச்சோர்வு வருமா?

பதில்: கவலை இல்லை என்று சொல்கிறவர்களுக்கும் வரும். என் அறைக்கு வருகிறவர்களில் பலர் முதலில் காட்டுவது முழங்காலையும் பின்னங்கழுத்தையும்தான்.

1980-இல் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், சீனாவின் ஹூனானில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சிகிச்சை பெற்றுவந்த 100 பேரைப் பரிசோதித்தார். தலைவலி, தலைசுற்றல், தூக்கமின்மை, அசதி என்று வந்தவர்கள். அவர்களில் 87 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. மாவோ ஆட்சியில் அரசியல் காரணம் சொல்லிப் பலரைத் தண்டித்த கலாசாரப் புரட்சி ஓய்ந்து சில வருடங்களே ஆன காலம் அது. ‘எனக்கு மனசே சரியில்லை’ என்றால் அரசியல் அர்த்தம் கற்பித்துவிடுவார்கள். தலைவலி என்று சொன்னால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை, லீவும் கிடைக்கும்.

இதை வைத்து, ‘ஆசியர்கள் மனசைப் பேசமாட்டார்கள்’ என்று சிலர் கிளம்பினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஓர் ஆய்வு 14 நாடுகளில் நடந்து 1999-இல் வெளியானது. மனச்சோர்வு இருந்த 1,146 பேரில் 69 சதவீதத்தினர் டாக்டரிடம் உடம்பு உபாதையை மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். நேராகக் கேட்டபோதும் மனக்கஷ்டம் எதுவும் இல்லை என்றவர்கள் 11 சதவீதம்தான். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் இல்லாத இடங்களில் உடம்பைப் பற்றிய பேச்சு இன்னும் அதிகம். முன்பின் தெரியாதவரிடம் எவ்வளவு சொல்லலாம், எதைச் சொன்னால் வீட்டுக்குத் தலைகுனிவு என்று அவரவர் வளர்ந்த சூழல் ஒரு கணக்கு போட்டுக் கொடுத்திருக்கிறது. உங்கள் அம்மாவும் அந்தக் கணக்கில்தான் பேசுகிறார்.

அதற்காக வலி பொய் என்று நினைத்துவிடாதீர்கள். மனச்சோர்வில் உடம்பு நிஜமாகவே வலிக்கும். ‘ரிப்போர்ட்தான் நார்மலாச்சே’ என்பதை வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு பார்த்தாகிவிட்டதா என்று மட்டும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், வியாதியின் பெயரை ஒப்புக்கொள்ள வைக்கப் போராடாதீர்கள். நான் ‘வருத்தமா இருக்கீங்களாம்மா?’ என்று தொடங்குவதில்லை. எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, சாப்பாட்டில் ருசி தெரிகிறதா, ஆசையாகச் செய்துவந்த எதை இப்போது விட்டுவிட்டீர்கள் என்று கேட்பேன். ‘மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது, பேரன் போன் பண்ணாக்கூட எடுக்கத் தோணலை’ என்று பதில் வரும். எனக்கு அது போதும். அழுகையைக் காட்ட வேண்டியதில்லை.

‘வலிக்கும் தூக்கத்துக்கும் காட்டலாம்மா’ என்று சொல்லி மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். அது ஏமாற்று வேலை இல்லை. மனச்சோர்வுக்கான சில மருந்துகள் நாள்பட்ட வலிக்கும் தரப்படுகின்றன. பலன் தெரிய சில வாரங்கள் ஆகலாம், பாதியில் நிறுத்த விடாதீர்கள்.

ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. ‘இனி இருந்து என்ன ஆகப்போகுது’ என்பது போல ஏதாவது சொன்னால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.